காலிலும் ஒரு நாடி உண்டு



நாடி பார்த்தல் என்றதும் நமக்கு நினைவு வருவது மணிக்கட்டு. வைத்தியர் மூன்று விரல்களை அதன்மேல் வைத்துச் சிறிது நேரம் மௌனமாயிருப்பதை நாமெல்லோரும் கண்டிருக்கின்றோம். காலிலும் நாடி துடிக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. புறங்காலில், பெருவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடையிலிருந்து கணுக்காலை நோக்கி விரலை மெல்ல நகர்த்திச் சென்றால் ஓரிடத்தில் அத்துடிப்புத் தட்டுப்படும். உட்புறக் கணுவெலும்பின் பின்னே மற்றொன்று உண்டு. நல்ல தேகநிலையில் உள்ள சிலருக்குங்கூடப் புறங்கால் துடிப்பு இயல்பாகவே தட்டுப்படாதிருத்தலும் உண்டு. ஆகையாற்றான் வைத்தியர் இரண்டையும் பார்ப்பர்.

இவ்விரு துடிப்புகளும் அடங்கிப்போன காலுக்கு என்ன நேரும் என்பதையும், அத்தகைய காலை வெட்டாமற் காப்பதற்கு வைத்திய உலகம் கண்ட ஒரு வழியையும் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அவ்வழி ஒரு மூதாட்டியின் பிடிவாதத்திலிருந்து தொடங்குகின்றது.

1964ஆம் ஆண்டு சனவரி மாதம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையையடுத்த ஒறெகன் மாநிலத்திலே, போட்லண்ட் நகரிலுள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையில் 82 வயதுடைய ஓர் அம்மையார் படுத்திருந்தார். அவருடைய இடது பாதத்தில் ஆறாத புண். விரல்களில் அழுகல் தொடங்கிவிட்டது. இரவும் பகலும் ஓயாத நோவு. காலை வெட்டிவிடுவதே நன்று என்பது சத்திரவைத்தியர்களின் முடிவு. அந்நாளில் அது தவறான முடிவுமன்று. ஆயின், அம்மையார் இணங்கவில்லை. காலோடுதான் இருப்பேன் என்று நின்றுவிட்டார். வேறு வழி காணாத சத்திரவைத்தியர்கள், அதே வைத்தியசாலையில் எக்ஸ்கதிர்ப் பகுதிக்குத் தலைவராயிருந்த சார்ள்ஸ் டொற்றர் என்பவரிடம் அவரை அனுப்பினார்கள்.

எக்ஸ்கதிர்ப் பகுதிக்கு நோயாளரை அனுப்புவது படம் எடுப்பதற்காக, சிகிச்சைக்காக அன்று. படம் எடுப்பவர் படத்தை எடுத்து, அதிற் கண்டதை எழுதி அனுப்புவார். வைத்தியஞ் செய்பவர் வேறொருவர். அதுவே அக்காலத்து ஒழுங்கு. அந்த ஒழுங்கினை மீறவேண்டும் என்று பல நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தவர் டொற்றர். அவர் அவ்வம்மையாருக்குச் செய்தது இன்னதென்று கூறுமுன்னர், கால் எதனால் அழுகுகின்றது என்பதைச் சற்று விளக்கவேண்டும்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி, மார்பையும் வயிற்றையும் கடந்து, கொப்பூழ் மட்டத்தில் இரண்டாகப் பிரிகின்றது. ஒவ்வொரு கிளையும் இடுப்பைத் தாண்டி, அரையினூடாகத் தொடைக்குள் இறங்கித் தொடைநாடியாகின்றது; முழங்காலின் பின்புறத்தைக் கடந்ததும் மூன்று சிறு நாடிகளாகப் பிரிந்து பாதத்தை அடைகின்றது. தொடையிலே சுண்டுவிரற் பருமன் அளவினை அணுகும் இக்குழாய், முழங்காலுக்குக் கீழே 2 அல்லது 3 மில்லிமீற்றர் அகலமே உடையது. வயது செல்லச் செல்ல இக்குழாய்களின் உட்சுவரிலே கொழுப்பும் சுண்ணமும் படிகின்றன. புகைப்பவருக்கும், சலரோகம் உடையவருக்கும், இரத்த அழுத்தம் மிகுந்தவருக்கும் இப்படிவு விரைவாகவும் தடிப்பாகவும் ஏறும். கிணற்றடி வாய்க்காலிலே பாசியும் மண்ணும் சேர்ந்து நீரோட்டம் குறைவதைக் கண்டவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று.

ஓட்டம் குறைந்ததும் முதலில் முறையிடுவது தசை. இருக்கும்போது தசைக்கு வேண்டிய இரத்தம் சிறிதே. நடக்கும்போதோ அது பன்மடங்காகும். ஆகவே, நோயாளி ஒரு குறித்த தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி நோகும். நின்றால் சில நிமிடங்களில் நோவு நீங்கும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மீண்டும் வரும். இந்நோயினை முதலில் தெளிவாக விவரித்தவர் மனிதருக்கு வைத்தியஞ் செய்தவரல்லர், மிருக வைத்தியர். 1831இல் பூலே என்னும் பிரெஞ்சு மிருக வைத்தியர், சிறிது தூரம் ஓடியதும் பின்னங்காலை நொண்டி நின்றுவிடும் ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். அக்குதிரையின் கால்நாடி அடைபட்டிருந்தது. மனிதனுக்கும் அதுவே நேர்கின்றது என்பதை 1858இல் சார்க்கோ என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு வைத்தியர் எடுத்துக்காட்டினார்.

நம்மவரிடையே இந்நோவு பெரும்பாலும் வாதம் என்றோ, நரம்புப் பிடிப்பு என்றோ, வயசுக்கோளாறு என்றோ கணக்கில் வைக்கப்படுகின்றது. எண்ணெய் தடவுவார்கள்; ஒத்தடம் கொடுப்பார்கள். நோயாளியும் நடையைக் குறைத்துக்கொள்வார்; நடை குறைய நோவும் குறைந்ததுபோலத் தோன்றும். சந்தைக்குப் போனவர் படலைவரை மட்டும் போவார். பின்னர் திண்ணையோடு இருந்துவிடுவார். வீட்டார் அதனை முதுமை என்று எண்ணி அமைவர்.

அடைப்பு மேலும் முற்றினால், படுத்திருக்கும்போதே பாதம் நோகத் தொடங்கும். இந்நோவுக்கு ஓர் அடையாளம் உண்டு. இரவிலே மிகும், காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டால் சற்றுத் தணியும். தொங்கவிடும்போது, இதயத்தின் உந்துதலோடு புவியின் ஈர்ப்பும் சேர்ந்து சிறிதளவு இரத்தத்தைப் பாதத்திற்கு இறக்குகின்றது. இதனை அறியாத அன்புள்ள மக்கள், கால் நோகின்றதே என்று தலையணை வைத்து உயர்த்திவிடுவர். நோயாளியின் வேதனை இரட்டிக்கும். இந்த நிலைக்கு வந்த காலிலே ஒரு சிறு காயம் பட்டால் அது ஆறாது. ஆறுவதற்கு வேண்டியது இரத்தம். அதுவே அங்கு இல்லை. புண் விரியும், விரல் கறுக்கும், அழுகல் ஏறும்.

போட்லண்ட் அம்மையாரின் கால் இந்நிலையிலேதான் இருந்தது. அவரது நாடிகளை எக்ஸ்கதிர்ப் படமெடுத்துப் பார்த்தபோது, தொடைநாடியில் ஒரேயோரிடத்தில், குறுகிய நீளத்திற்கு மட்டும், மிக இறுகிய ஒடுக்கம் காணப்பட்டது. அதற்கு மேலும் கீழும் குழாய் ஓரளவு நன்றாகவே இருந்தது. டொற்றர் காத்திருந்தது இத்தகைய ஒரு நோயாளியையே என்று சொல்லலாம்.

உயிருள்ள மனிதனின் இரத்தக்குழாய்க்குள் ஒரு மென்குழாயைச் செலுத்தலாம் என்று காட்டியவர் ஜேர்மனியரான வேர்ணர் ஃபோர்ஸ்மன். 1929இல், இளம் வைத்தியராயிருந்தபோது, அவர் தமது கையின் நாளத்தினூடாகவே ஒரு குழாயை இதயம்வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்கதிர் அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுப்பித்தார். அச்செயலுக்காக அன்று ஏச்சுப் பெற்றவர், 1956இல் வேறிருவரோடு நோபல் பரிசு பெற்றார். 1953இல் சுவீடன் நாட்டவரான செல்டிங்கர் மிக எளிதான ஓர் உபாயத்தைக் கண்டார். தோலின்மேல் ஊசியால் நாடியைக் குத்துக. ஊசியின் துவாரத்தினூடே ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விடுக. ஊசியை உருவிவிட்டுக் கம்பியின்மேல் மென்குழாயைக் கோத்துச் செலுத்துக. அவ்வளவே. நாடியை வெட்டித் திறக்கவேண்டிய அவசியம் அன்றோடு ஒழிந்தது. இன்று இதய வைத்தியமும் கால் வைத்தியமும் மூளைக்குழாய் வைத்தியமும் இந்த ஊசி, கம்பி, குழாய் என்னும் மூன்றின்மீதே நிற்கின்றன.

இம்முறையால் நாடிகளைப் படமெடுத்து வந்த டொற்றருக்கு 1963இல் ஒரு தற்செயல் நேர்ந்தது. சிறுநீரக நாடியைப் படமெடுப்பதற்காக ஒருவருடைய அரைவழியே மென்குழாயைச் செலுத்தியபோது, அது இடுப்பில் அடைபட்டிருந்த நாடியை ஊடறுத்துக்கொண்டு மேலே சென்றுவிட்டது. அடைப்பு இருந்தது என்பதே பின்னர்தான் தெரிந்தது. குழாய் சென்ற வழியே இரத்தமும் சென்றது. வேறொருவர் இதனைத் தவறு என்று குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். டொற்றரோ அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு நடுப்பகுதியில் செக்கோசிலோவாக்கியா நாட்டிலே நடந்த கதிரியல் மாநாட்டில், மென்குழாய் படமெடுக்கும் கருவி மட்டுமன்று, ஒருநாள் அது சத்திரவைத்தியரின் கத்திக்குப் பதிலாகவும் நிற்கும் என்று அவர் பேசினார்.

1964 சனவரி 16ஆம் நாள், அவரும் அவரிடம் பயின்று வந்த மெல்வின் ஜட்கின்ஸும் அம்மையாரின் தொடைநாடிக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, ஒடுக்கத்தைக் கடந்தார்கள். கம்பியின்மேல் ஒரு மெல்லிய குழாயையும், அதன்மேல் அதனிலும் பருத்த இன்னொரு குழாயையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, ஒடுங்கிய இடத்தை உள்ளிருந்தே விரித்தார்கள். பின்னர் எல்லாவற்றையும் உருவி எடுத்தார்கள். தோலில் எஞ்சியது ஊசி குத்திய வடு ஒன்றே. குளிர்ந்து கிடந்த பாதம் சூடேறியது. நாட்கள் செல்ல நோவு நீங்கியது. புண்ணும் ஆறத் தலைப்பட்டது. பின்னாளில் எடுத்த படங்களிலும் நாடி திறந்தே காணப்பட்டது. அவ்வம்மையார் மேலும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, வேறு நோயினால் இறந்தார். அதுவரையும் தம் சொந்தக் கால்களாலேயே நடந்தார்.

இவ்வளவு தெளிவான வெற்றிக்குப் பின் உலகம் முழுவதும் டொற்றரைப் பின்பற்றியிருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். நடந்தது அதுவன்று. அமெரிக்கச் சத்திரவைத்தியர்களிற் பலர் அவரைச் சித்தம் கலங்கியவர் என்றே பேசிக்கொண்டனர். ஒருமுறை சத்திரவைத்தியர் ஒருவர் நோயாளியை அனுப்பும்போது, படத்தை மட்டும் எடுக்கவும், சரிசெய்ய முயலவேண்டாம் என்று விண்ணப்பத் தாளிலேயே எழுதி அனுப்பினார். டொற்றரின் நடத்தையும் இதற்கு இடங்கொடுத்தது. கிட்டார் வாத்தியத்தின் கம்பிகளையும் மோட்டார் வண்டியின் வேகமானிக் கம்பியையும் கொண்டு தமது கருவிகளைத் தாமே செய்துகொண்டவர் அவர். நீர்க்குழாய் திருத்துபவன் தன் குழாய்களுக்குச் செய்வதை நாம் இரத்தக்குழாய்க்குச் செய்யலாம் என்று வாதாடி, குழாயும் அதனைத் திருகும் சாவியும் குறுக்கிட்ட சின்னமொன்றைத் தம் அடையாளமாகவும் வைத்துக்கொண்டார். கண்ணியமான கல்விமான்களுக்கு இது பொறுக்கவில்லை. எனினும், ஏளனம் முழுவதும் மூடத்தனம் என்று சொல்லிவிடவும் முடியாது. பருத்த குழாயை ஏற்றும்போது நாடி கிழியக்கூடும். படிவின் துணுக்குகள் உடைந்து கீழே சென்று பாதத்துச் சிறுநாடிகளை அடைக்கவுங்கூடும். தொடையில் எவ்வளவு விரிக்கவேண்டுமோ அவ்வளவு பருமனுள்ள குழாயைத் தோலினூடே நுழைக்கவேண்டியிருந்தமையால், ஊசித்துவாரமே பெரிய காயமாயிற்று.

ஐரோப்பியர் அவரை மதித்தனர். ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் வைத்தியர்கள் அம்முறையைக் கைக்கொண்டார்கள். ஒல்லாந்த மொழியிலே நாடியை இவ்வாறு விரிப்பதற்கு இன்றும் வழங்கும் வினைச்சொல் டொற்றரின் பெயரிலிருந்து பிறந்ததே. ஒருவரின் பெயர் வினைச்சொல்லாகுமளவுக்குப் புகழ் பெறுவது அரிது. அதுவும் சொந்த நாட்டில் மதிப்புப் பெறாதிருக்கும்போது.

பருத்த குழாயின் குறையைத் தீர்த்தவர், சுவிற்சலாந்தின் சூரிச் நகரிலே பணியாற்றிய அந்திரேயாஸ் குறுண்ட்சிக் என்னும் இளம் ஜேர்மன் வைத்தியர். நுழையும்போது மெலிந்தும், நுழைந்தபின் பருத்தும் இருக்கும் ஒன்று வேண்டும். அப்படியானது பலூன் அல்லவா? ஆயின், சாதாரண இறப்பர் பலூன் எங்கே தடையில்லையோ அங்கேதான் உப்பும்; ஒடுங்கிய இடத்தில் இடுங்கி, இருபுறமும் வீங்கி நிற்கும். ஊத ஊதக் குறித்த பருமனுக்கு மேல் விரியாத, ஆனால் வலிய, ஒரு பொருள் தேவைப்பட்டது. குறுண்ட்சிக் தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே பலநாள் முயன்று, பொலிவைனைல் குளோரைட் என்னும் பிளாத்திக்கில் நீண்டுருண்ட பலூனை உருவாக்கினார். 1974இல் அதனைக் கொண்டு கால்நாடியை விரித்தார். 1977 செப்ரெம்பரில் அதே பலூனைச் சிறிதாக்கி இதயத்தின் முடியுருநாடிக்குள் செலுத்தினார். இன்று மாரடைப்பு வந்தவர்களுக்கு நாம் கேள்விப்படும் அஞ்சியோபிளாஸ்ரி என்பது இதுவே. அது இதயத்திற்குச் செல்லுமுன் காலிலே கற்ற பாடம் என்பதைப் பலர் அறியார். டொற்றரும் குறுண்ட்சிக்கும் 1985ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். முன்னவர் நோயினால், பின்னவர் 46 வயதில் விமான விபத்தில்.

இனி, இக்காலத்தில் இச்சிகிச்சை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சொல்கின்றேன். நோயாளிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. அரையில் ஊசி குத்தும் இடம் மட்டும் மரத்துப்போகச் செய்யப்படும். அவர் விழித்தபடியே படுத்திருப்பார். வைத்தியரோடு பேசவுஞ் செய்வார். நாடிக்குள் நிழல்காட்டும் மருந்தைச் செலுத்தும்போது கால் முழுவதும் ஒரு சூடு பரவுவதை உணர்வார். அருகிலுள்ள திரையிலே தம் கால்நாடிகள் இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளைப்போலத் தோன்றுவதைக் காணவும் கூடும். மரத்தின் கிளை எங்கே அறுபட்டுத் தோன்றுகின்றதோ அங்கேதான் அடைப்பு.

இந்தச் சிகிச்சையில் மிகக் கடினமான பகுதி பலூனை ஊதுவதன்று; கம்பியை அடைப்பின் மறுபுறத்திற்குக் கொண்டுசெல்வதே. தலைமயிர்போல் மெலிந்த நுனியை விரல்களுக்கிடையில் உருட்டி உருட்டி, சுண்ணம் ஏறிய அடைப்பினூடே வழிதேடவேண்டும். சில வேளைகளில் கம்பி நாடியின் சுவருக்குள்ளேயே புகுந்து, அடைப்பைச் சுற்றிச் சென்று, அப்பால் மீண்டும் குழாய்க்குள் நுழையும். மேலிருந்து வழி கிடைக்காவிடில், பாதத்திலுள்ள சிறு நாடியை ஊசியாற் குத்திக் கீழிருந்து மேல்நோக்கிக் கம்பியைச் செலுத்துவாருமுளர். ஒரு மணித்தியாலத்தில் முடிவதும் உண்டு. மூன்று மணித்தியாலம் செல்வதும் உண்டு. கம்பி கடந்துவிட்டால் அதன்மேல் பலூன் செல்லும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் எட்டு மடங்கு, பத்து மடங்கு அழுத்தத்தில் அதனைச் சில நிமிடங்கள் விரித்துவைப்பர். படிவு சுவரோடு நசுங்கி ஒதுங்கும். விரித்த இடம் மீண்டும் சுருங்கி விழுவதாயிருந்தால் ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழல் ஒன்றை அங்கே நிறுத்திவிடுவார்கள். நிக்கலும் தைத்தானியமும் கலந்த உலோகத்தாலான வலைக்குழல், உடற்சூட்டிலே தானாகவே விரிந்து நிற்கும் இயல்புடையது. முழங்காலின் பின்புறம் மடங்கி நீளும் இடமாதலால், அங்கே வலைக்குழல் வைப்பதைக் கூடியவரை தவிர்ப்பர். எல்லாம் முடிந்ததும் ஊசித்துவாரத்தை அழுத்தி, நோயாளியைச் சில மணித்தியாலம் நேராகப் படுக்கவைப்பார்கள். அடுத்த நாள் வீடு செல்பவர் பலர்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. நிழல்காட்டும் மருந்து அயடின் கலந்தது. முன்னரே பழுதடைந்த சிறுநீரகத்திற்கு அது தீங்கு செய்யலாம். ஊசித்துவாரத்தில் இரத்தம் கசியலாம். எல்லாவற்றிலும் பெரிய குறை, விரித்த நாடி மாதங்கள் சென்றபின் மறுபடியும் ஒடுங்குவது. முழங்காலுக்குக் கீழே இது மிகுதி. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். புண் ஆறுவதற்குப் பெருமளவு இரத்தம் வேண்டும். ஆறிய தோலைக் காப்பதற்குச் சிறிதளவே போதும். ஆகவே, நாடி சில மாதங்கள் திறந்திருந்து அதற்குள் புண் ஆறிவிட்டால், பின்னர் அது ஒடுங்கினாலும் கால் தப்பிவிடுவது உண்டு. நாடியை என்றென்றும் திறந்துவைப்பதைவிடக் காலைக் காப்பதே இங்கு நோக்கம்.

சத்திரசிகிச்சையின் பக்கமும் நியாயம் உண்டு. 1948இலேயே பாரிஸ் நகரில் ஜீன் குன்லின் என்பவர், நோயாளியின் காலிலிருந்த நாளம் ஒன்றை எடுத்து, அடைபட்ட நாடிக்கு மாற்றுவழியாக மேலும் கீழும் பொருத்திவிட்டார். வாய்க்கால் தூர்ந்தால் பக்கத்தில் புதுவாய்க்கால் வெட்டுவது போன்றது இது. நல்ல நாளம் உள்ளவருக்கு, நீண்ட அடைப்பு இருந்தால், இம்மாற்றுவழி பலூனைவிட நெடுங்காலம் நிலைக்கும். 1,800க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, நல்ல நாளம் உள்ளவர்களிடையே சத்திரசிகிச்சையே மேலானது என்று கண்டது. அதற்கடுத்த ஆண்டிலே பிரித்தானியர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியொன்று, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரிடையே, பலூன் முறையை முதலிற் செய்தவர்களே காலும் உயிருமாக மிகுதியும் தப்பினர் என்று கண்டது. இவை ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும். ஆராய்ந்த நோயாளர் ஒரே தன்மையர் அல்லர் என்பதே என் கருத்து. ஆகவே, எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, இந்த நோயாளிக்கு, இந்த அடைப்புக்கு, இந்த வயதுக்கு எது தகும் என்று இருவகை வைத்தியரும் ஒருங்கிருந்து ஆலோசிப்பதே முறை. கத்தியைத் தாங்கமாட்டாத முதியவருக்கும், இதயம் தளர்ந்தவருக்கும் கம்பிவழி ஒன்றே எஞ்சிய வழியாயிருப்பது அடிக்கடி நேரும்.

நடந்தால் மட்டும் நோகின்ற எல்லோருக்கும் கம்பி வேண்டும் என்று யாரும் கருதவேண்டாம். அந்த நிலையிலே முதல் மருந்து நடையேயாகும். நோவு வரும்வரை நடந்து, நின்று, நோவு தணிந்ததும் மறுபடி நடந்து, இவ்வாறு நாளொன்றுக்கு அரை மணித்தியாலத்திற்குக் குறையாமல் வாரத்தில் மூன்று நாளாவது செய்தால், சில மாதங்களில் நடக்கும் தூரம் கூடுகின்றது. தசை, கிடைக்கும் இரத்தத்தைச் செட்டாகப் பயன்படுத்தப் பழகிக்கொள்கின்றது. புகையை அறவே விடவேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தும் வைத்தியர் சொற்படி எடுக்கவேண்டும். இவை காலுக்கு மட்டுமன்று, இதயத்திற்குமாகும். கால்நாடி அடைபட்டவரின் இதயநாடியும் பெரும்பாலும் அதே வழியிலேதான் சென்றுகொண்டிருக்கும்.

சலரோகம் உள்ளவர்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கின்றது. அவர்களுக்கு நாடி அடைபடுவதோடு, பாதத்தின் உணர்ச்சியும் மங்கிவிடுகின்றது. ஆகையால் எச்சரிக்கும் நோவே வராமற் போகலாம். வெயிலேறிய கோவில் வீதியிலே வெறுங்காலோடு வலம்வந்து, உள்ளங்கால் கொப்பளித்ததை மறுநாட் காலையில் வீட்டார் சொல்லித்தான் அறிந்துகொள்வோர் உண்டு. குளிர்ந்த காலைச் சூடாக்கச் சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்து வெந்துபோன கால்களும் உண்டு. பக்தியைக் குறைக்கச் சொல்வது என் வேலையன்று. வெயில் ஏறுமுன் போய்வரலாம் என்பதே நான் வேண்டுவது.

இத்தகைய பாதத்தில் ஒரு விரல் கறுத்துவிட்டால், அந்த விரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றே எவருக்கும் தோன்றும். நான் இன்று பேச வந்ததற்குக் காரணமே இந்த இடந்தான். இரத்தம் செல்லாத பாதத்தில் விரலை எடுத்தால், கறுத்த விரல் போய் அதற்குப் பதிலாக ஒரு வெட்டுக்காயம் வந்திருக்கும். அந்தக் காயமும் ஆறுவதற்கு வழியில்லை. சில வாரங்களில் அதனருகேயுள்ள விரல் போகும். பின்னர் பாதத்திற் பாதி. பின்னர் முழங்காலின் கீழ். பின்னர் அதன் மேல். ஒவ்வொரு முறையும் வெட்டியவர் குற்றமற்றவராகவே இருப்பார். ஒவ்வொரு முறையும் புண் ஆறாமைக்கு அதே காரணமே இருக்கும். சீழ் பரவி உயிருக்கே ஆபத்தான வேளையில் உடனே வெட்டித்தான் ஆகவேண்டும், அதிற் சந்தேகமில்லை. அந்த அவசரம் இல்லாதபோது, முதலில் இரத்தத்தை வரவழைத்து, அதன் பின்னரே வெட்டவேண்டியதை வெட்டவேண்டும். அப்போது முழங்காலின் மேல் வெட்டவேண்டியிருந்த இடத்தில் ஒரு விரலோடு நின்றுவிடவும் கூடும். முழங்கால் மூட்டு மிஞ்சியவருக்குப் பொய்க்காலில் நடப்பது எவ்வளவோ எளிது. முதியவர் ஒருவர் அம்மூட்டையும் இழந்தால் மறுபடி நடப்பதே அரிது.

ஆகையால், காலை வெட்டவேண்டும் என்று கேள்விப்பட்டவர், மரியாதையோடு ஒரு கேள்வி கேட்கலாம்: ஐயா, இந்தக் காலின் நாடியைப் பார்த்தாயிற்றா? நல்ல வைத்தியர் எவரும் இக்கேள்விக்குச் சினங்கொள்ளார்.

பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் முதலிலேயே வேண்டியதில்லை. விரல்களாற் பாதத்தின் துடிப்பைத் தேடுவது முதற்படி. அடுத்தது, கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளப்பது. கையில் அழுத்தம் கட்டும் அதே பட்டியைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, இரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கும் சிறு கருவியொன்றைப் பாதத்தில் வைத்து அளப்பார்கள். கையிலே 140, கணுக்காலிலும் ஏறக்குறைய அதுவே என்றால் நன்று. கையில் 140, கணுக்காலில் 70 என்றால், பாதியளவே கீழே சென்றடைகின்றது என்பது பொருள். பத்தில் ஒன்பது பங்குக்குக் குறைந்தாலே அடைப்பு உண்டென்று கொள்வர். சலரோகம் நெடுங்காலம் உள்ளவரின் நாடி சுண்ணமேறி மரக்குழாய்போல் விறைத்திருக்கும். பட்டி எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்காது. அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களுக்குக் கால் பெருவிரலின் அழுத்தத்தை அளப்பதே நம்பத்தக்கது. இதில் எதுவும் நோவதில்லை. கால் மணித்தியாலத்திற்குமேற் செல்வதுமில்லை.

இதுவரை நான் கூறியது ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல அடைபடும் நாடியைப் பற்றி. திடீரென அடைபடுவதும் ஒன்று உண்டு. தாளந் தப்பித் துடிக்கும் இதயத்தில் உறைந்த இரத்தக்கட்டி புறப்பட்டு வந்து கால்நாடியில் இறுகிவிட்டால், நேற்றுவரை நன்றாயிருந்த கால் ஒரு நொடியில் வெளிறி, குளிர்ந்து, கடுமையாக நொந்து, பின்னர் மரத்துப் போகும். 1963இல் தோமஸ் ஃபோகாற்றி என்னும் அமெரிக்கர், சத்திரவைத்தியர் அணியும் கையுறையின் விரல்நுனியைக் கொண்டு சிறு பலூன் செய்து, அதனைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி ஊதி, கட்டியைப் பின்னோக்கி இழுத்தெடுக்கும் முறையொன்றை வெளியிட்டார். இன்றும் அது பயன்படுகின்றது. ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு: ஏறக்குறைய 6 மணித்தியாலத்துக்குள் இரத்தம் திரும்பாவிட்டால் தசை இறக்கத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு அப்பாவின் ஒரு கால் குளிர்ந்து வெளிறிவிட்டது என்றால், எண்ணெய் காய்ச்சவேண்டாம், ஒத்தடம் வைக்கவேண்டாம், விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். வாகனம் கிடைக்கும் வழியைப் பார்த்து, அந்த இரவே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, கால் எத்தனை மணிக்குக் குளிர்ந்தது என்பதையும் மறவாமற் சொல்லுங்கள்.